டிராஃபல்கர் சதுக்கமும் நெல்சன் தூணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வருகிறவர்கள் முதல் நாளிலேயே போய் நிற்கும் இடங்களில் டிராஃபல்கர் சதுக்கமும் ஒன்று. கழுத்து வலிக்க அண்ணாந்து, தூணின் உச்சியில் நிற்கும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனைப் பார்ப்பார்கள், சிங்கத்தின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், அங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி கண் மட்டத்திலேயே இருக்கிறது. தூணின் அடியில், சுவரோரத்தில், மூலைப் பீடங்களில். இந்தப் பக்கத்தின் பதில்களும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

டிராஃபல்கர் என்பது என்ன? ஊரா, ஆளா?

இடத்தின் பெயர். ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில், காடிஸ் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு முனை. அந்த முனைக்கு அருகே கடலில் 1805 அக்டோபர் 21 அன்று, நெல்சன் தலைமையில் 27 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும், பிரெஞ்சுத் தளபதி வில்நவ் தலைமையில் 33 பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களும் மோதின. அந்தக் காலத்தில் இரு தரப்பும் நீள வரிசையில் பக்கவாட்டில் நின்று சுட்டுக்கொள்வதுதான் வழக்கம். நெல்சன் தன் கப்பல்களை இரண்டு அணியாகப் பிரித்து, எதிரியின் வரிசைக்குக் குறுக்கே நேராக ஓட்டி அதை உடைத்தார். நெருங்கிப் போகும் வரை முன்னால் இருந்த கப்பல்கள் அடி வாங்கிக்கொண்டே போக வேண்டும். துணிந்து செய்தார், பலித்தது. எதிர்த் தரப்பின் கப்பல்களில் பாதிக்கு மேல் போயின. பிரிட்டன் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை.

நெல்சன் மட்டும் திரும்பவில்லை. ரெடூட்டபிள் என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து ஒருவர் சுட்ட குண்டு அவர் தோளில் பாய்ந்து முதுகெலும்பில் தங்கியது. சில மணி நேரத்தில், தன் கப்பலான விக்டரியின் கீழ்த்தளத்தில் இறந்தார். உடலை பிராந்திப் பீப்பாயில் வைத்துப் பாதுகாத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1806 ஜனவரி 9 அன்று செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் நடந்தது.

நெல்சனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.

1758-ல் நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு கிராமப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 12 வயதில் கடற்படைக்குப் போனார். முதல் கப்பலின் கேப்டன் அவருடைய தாய்மாமன்தான். 1794-ல் கோர்சிகாவில் வலது கண்ணின் பார்வையையும், 1797-ல் டெனரீஃபில் வலது கையையும் இழந்தார்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தி: 15 வயதில் சீஹார்ஸ் என்ற கப்பலில் ஏறி இந்தியப் பெருங்கடலுக்கு வந்திருக்கிறார். மெட்ராஸ், பம்பாய் என்று துறைமுகங்களைச் சுற்றியவர், கடுமையான காய்ச்சலில் விழுந்து 1776-ல் வேறு கப்பலில் ஊருக்கு அனுப்பப்பட்டார். பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்த பையன்.

சதுக்கம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

அரசரின் வேட்டைப் பறவைகள். 13-ஆம் நூற்றாண்டு முதல், வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளை இறகு உதிர்க்கும் பருவத்தில் அடைத்துவைக்கும் கூடங்கள் இங்கே இருந்தன. எட்டாம் ஹென்றி காலத்தில் அவை தீக்கிரையாக, பிறகு அதே இடத்தில் அரசரின் குதிரை லாயம் வந்தது. நான்காம் ஜார்ஜ் மன்னர் லாயத்தை பக்கிங்ஹாம் அரண்மனைக்கு மாற்றியதும் இடம் காலியானது. 1820-களில் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் சுற்றுப்புறத்தை இடித்துச் சீர்படுத்தத் தொடங்கினார்.

அப்போது சதுக்கத்துக்கு வைக்க நினைத்த பெயர் நான்காம் வில்லியம் மன்னருடையது. அது மாறி, 1830 வாக்கில் டிராஃபல்கர் என்ற பெயர் நிலைத்தது. நாஷ் 1835-ல் இறந்துவிட்டார். வடக்குப் பக்கத்தில் தேசிய ஓவியக் கூடம் 1838-ல் திறக்கப்பட்டது. தரை வடக்கே உயர்ந்து, தெற்கே சரிந்து கிடந்தது. கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரி அதை வெட்டிச் சமப்படுத்தி, வடக்கே ஒரு மேல்தளமும் படிகளும் அமைத்தார். 1844 மே 1 அன்று சதுக்கம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

நெல்சன் இறந்தது 1805-ல். தூண் 1843-ல்தான் வந்தது. ஏன் இத்தனை தாமதம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் மற்ற ஊர்கள் லண்டனை முந்திக்கொண்டன. கிளாஸ்கோவில் 1806-லேயே கல் நட்டார்கள். 1809-க்குள் டப்ளின், பர்மிங்ஹாம், கனடாவின் மாண்ட்ரியல் எல்லாவற்றிலும் நெல்சன் நின்றுகொண்டிருந்தார். பார்படோஸ் தீவில் 1813-ல். லண்டனில் 1838-ல்தான் ஒரு குழு கூடி நன்கொடை திரட்டத் தொடங்கியது.

போட்டி வைத்து வடிவமைப்பு கேட்டார்கள். வில்லியம் ரெயில்டன் வென்றார். முடிவில் அதிருப்தி கிளம்ப, மறுபடியும் போட்டி வைத்தார்கள். மறுபடியும் ரெயில்டனே வென்றார். ரோம் நகரின் பழைய மார்ஸ் கோயில் தூணை மாதிரியாக வைத்து அவர் வரைந்தது 203 அடி உயரம். அவ்வளவு உயரம் நிற்குமா என்ற கவலையில் 170 அடியாகக் குறைத்தார்கள். சதுக்கத்தையே வடிவமைத்த பாரிக்கு அங்கே ஒரு தூண் வருவதில் விருப்பமே இல்லை. இடம் வெறுமையாகத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பேச்சு எடுபடவில்லை.

அப்புறம் பணம். மக்களிடமிருந்து வந்தது ஏறக்குறைய 20,000 பவுண்டு. மொத்தச் செலவு 47,000 பவுண்டு அளவுக்குப் போனது. பாதி வழியில் கையிருப்பு தீர்ந்து, 1844-ல் அரசாங்கம் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. தூணும் சிலையும் 1843-ல் முடிந்துவிட்டாலும், அடியில் இருக்கும் வெண்கலப் பலகைகள் வர 1854 வரையும், சிங்கங்கள் வர 1867 வரையும் ஆனது. அந்தச் சிங்கங்கள் வந்தபோது டிராஃபல்கர் போர் முடிந்து 62 ஆண்டுகள்.

தூணின் சரியான உயரம் என்ன? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்று போட்டிருக்கிறதே?

51.6 மீட்டர், அதாவது 169 அடி 3 அங்குலம். பழைய நூல்களில் 185 அடி என்று இருக்கும். 2006-ல் தூணைச் சுத்தம் செய்து பழுது பார்த்தபோது லேசர் கருவி வைத்து அளந்தார்கள். அதுவரை நம்பியதைவிடச் சுமார் 15 அடி குறைவு என்று தெரிந்தது. 160 ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் தவறான எண்ணையே எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலை மட்டும் ஏறத்தாழ 5.5 மீட்டர்.

உச்சியில் இருக்கும் சிலையில் என்ன கவனிக்க வேண்டும்?

எட்வர்ட் ஹாட்ஜஸ் பெய்லி ஸ்காட்லாந்தின் கிரெய்க்லீத் மணற்கல்லில் செதுக்கியது. வலது கைச் சட்டை காலியாக மார்பில் குத்தப்பட்டிருக்கும். இடது கை வாளின் மேல் இருக்கும். முதுகுக்குப் பின்னால் கயிற்றுச் சுருள். கண்ணில் கறுப்புத் துணி இருக்காது. பலர் அதை எதிர்பார்த்து வருகிறார்கள், ஆனால் நெல்சன் அப்படிக் கட்டிக்கொண்டதே இல்லை. பார்வை போன கண் வெளித் தோற்றத்துக்குச் சாதாரணமாகவே இருந்தது.

முகம் தெற்கே, ஒயிட்ஹால் சாலையையும் பழைய கடற்படைத் தலைமையகத்தையும் பார்த்திருக்கிறது. சிலையை மேலே ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு, 1843 அக்டோபரில், கட்டிய தொழிலாளர்களில் 14 பேர் தூணின் உச்சியில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சுமார் 150 அடி உயரத்தில்! இந்த நினைவுச்சின்னத்தைப் பற்றிய செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இலை இலையாகத் தெரியும் தூணின் தலைப்பகுதி கல் அல்ல, வெண்கலம். 1782-ல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கிப்போன ராயல் ஜார்ஜ் கப்பலிலிருந்து மீட்ட பீரங்கிகளை உருக்கி வார்த்தது. தண்டு டார்ட்மூர் கருங்கல்.

அடியில் நான்கு பக்கமும் இருக்கும் வெண்கலப் பலகைகளில் என்ன இருக்கிறது?

இங்கேதான் நிதானமாகச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொன்றும் 18 அடிச் சதுரம். போரில் பிடித்த பிரெஞ்சுப் பீரங்கிகளின் உலோகம். ஒவ்வொரு பக்கமும் நெல்சனின் ஒரு போர்.

மேற்கில், 1797-ல் நடந்த செயின்ட் வின்சென்ட் முனைப் போர். தோற்ற ஸ்பானியர்களிடமிருந்து நெல்சன் வாளை வாங்கிக்கொள்கிறார். இந்தப் பலகை தாமதமாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு: சிற்பி மஸ்கிரேவ் வாட்சன் பாதியில் இறந்துவிட, உடிங்டன் என்பவர் முடித்துக் கொடுத்தார். அதை வார்க்க எடுத்த நிறுவனத்தார் வெண்கலத்தில் இரும்பைக் கலந்து ஏமாற்ற, விஷயம் வெளியே வந்து அவர்கள் சிறைக்குப் போனார்கள். கடைசியில் வேறொரு பட்டறை வேலையை முடித்தது.

வடக்கில், 1798 நைல் போர். நெற்றியில் அடிபட்டு ரத்தம் ஒழுக நெல்சன் கீழ்த்தளத்துக்கு வருகிறார். மருத்துவர் மாலுமி ஒருவரை விட்டுவிட்டு ஓடி வர, 'என் முறை வரும்போது பார்க்கலாம்' என்று மறுத்துவிட்டதாகச் சொல்லப்படும் கணம். கிழக்கில், 1801 கோபன்ஹேகன். பீரங்கி வெடித்துக்கொண்டிருக்கும்போதே டென்மார்க் இளவரசருக்கு எழுதிய கடிதத்துக்கு முத்திரை வைக்கிறார்.

தெற்கில், ஒயிட்ஹாலைப் பார்த்து இருப்பது டிராஃபல்கர். ஜான் எட்வர்ட் கேர்யூ செய்தது. சுடப்பட்ட நெல்சனை மேல்தளத்திலிருந்து தூக்கிப் போகிறார்கள். 'ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வார்கள் என்று இங்கிலாந்து எதிர்பார்க்கிறது' என்று போர் தொடங்கும் முன் கொடி சைகையில் அவர் அனுப்பிய செய்தி கீழே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பலகையின் இடது ஓரத்தைப் பாருங்கள். கையில் துப்பாக்கியோடு ஒரு கறுப்பின மாலுமி நிமிர்ந்து நிற்கிறார். சிற்பியின் கற்பனை மட்டும் அல்ல அது. விக்டரியின் ஆள் பதிவேட்டில் ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா ஆகிய இடங்களில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். 1849-ல் ஒரு சிற்பி அந்த மனிதரை நெல்சனின் மரணக் காட்சிக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நூற்றுக்கணக்கான பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிங்கத்தைப் படம் எடுக்கிறார்கள்.

சிங்கங்களை ஏன் ஓவியரிடம் கொடுத்தார்கள்?

முதலில் கொடுத்தது தாமஸ் மில்ன்ஸ் என்ற சிற்பியிடம். அவர் செய்த கல் சிங்கங்கள் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவை இன்றும் யார்க்‌ஷரில் சால்டேர் என்ற ஆலை ஊரில் இருக்கின்றன. பிறகு 1858-ல் எட்வின் லேண்ட்சீரைக் கேட்டார்கள். விலங்குகளை வரைவதில் அந்தக் காலத்தில் அவருக்கு ஈடு கிடையாது, விக்டோரியா மகாராணிக்கும் பிடித்த ஓவியர். ஆனால் சிற்பம் செய்து பழக்கமில்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒரு சிங்கத்தைக் கொண்டுவந்து வைத்து வேலை பார்த்தார். முடிப்பதற்குள் உடல் அழுகத் தொடங்கிவிட்டது. பாதங்கள் நாயின் பாதம்போல இருப்பதற்கு அதுதான் காரணம் என்று சொல்வார்கள். நிஜச் சிங்கம் முன்கால்களை அப்படி நீட்டி வைத்துப் படுக்காது என்று அப்போதே குறை சொன்னவர்களும் உண்டு. வார்த்துக் கொடுத்தவர் மரோச்செட்டி. 1867 ஜனவரி 31 அன்று நான்கும் வந்து சேர்ந்தன.

ஒரு வேண்டுகோள்: ஏறாதீர்கள். பல தலைமுறையாக மக்கள் ஏறி ஏறி வெண்கலத்தில் சேதம் ஏற்பட்டிருக்கிறது.

நீரூற்றுகள் பழையவையா?

இல்லை. 1845-ல் வைத்த முதல் நீரூற்றுகள் இப்போது கனடாவில், ஒன்று ஒட்டாவாவிலும் மற்றொன்று ரெஜைனாவிலும் இருக்கின்றன. அவற்றை வைத்ததில் அழகு மட்டும் நோக்கம் அல்ல. திறந்த வெளியைக் குறைத்தால் பெருங்கூட்டம் கூட இடமிருக்காது என்ற கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

இன்றுள்ளவை எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தவை. அவர் இறந்த பிறகு 1948-ல் திறக்கப்பட்டன. முதல் உலகப் போரின் கடற்படைத் தளபதிகளான ஜெலிக்கோ, பீட்டி இருவரின் நினைவாக. வடக்குச் சுவரில் அவர்களின் மார்பளவுச் சிலைகளும் உண்டு. புது தில்லியை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான். அங்கே அவரோடு வேலை செய்து, செயலகக் கட்டடங்களை எழுப்பிய ஹெர்பர்ட் பேக்கர் கட்டியதுதான் சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் தென்னாப்பிரிக்கா மாளிகை. தில்லியில் பார்த்த இருவர் கைவேலையும் இங்கே எதிரெதிரே இருக்கிறது.

மூலைகளில் இருக்கும் மற்ற சிலைகள் யாருடையவை?

வடகிழக்கில் குதிரை மேல் இருப்பவர் நான்காம் ஜார்ஜ். மார்பிள் ஆர்ச் வளைவின் மேல் வைக்கச் செய்த சிலை; தற்காலிகமாக இங்கே வைத்தார்கள், அப்படியே தங்கிவிட்டது.

தெற்குப் பக்கத்து இருவர்தான் நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டியவர்கள். தென்மேற்கில் சார்லஸ் நேப்பியர், 1843-ல் சிந்து மாகாணத்தைப் படையெடுத்துப் பிடித்தவர். பீடத்தில், இந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தவர்களில் சாதாரணச் சிப்பாய்களே அதிகம் என்று எழுதியிருக்கும். தென்கிழக்கில் ஹென்றி ஹேவ்லாக். 1857 எழுச்சியின்போது கான்பூரைத் திரும்பப் பிடித்து, லக்னோவுக்குள் புகுந்து, அதே ஆண்டு நவம்பரில் அங்கேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தவர். அந்தமானில் ஹேவ்லாக் தீவு என்று நாம் சொல்லிவந்தது இவர் பெயரில்தான். 2018-ல் அது சுவராஜ் தீவாயிற்று.

ஹேவ்லாக்குடன் லக்னோவுக்குள் போனவர்களில் ஒருவர் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் ஜேம்ஸ் நீல். கான்பூரில் பிடிபட்டவர்களைத் தரையில் உறைந்திருந்த ரத்தத்தை நக்கவைத்துத் தூக்கிலிட்டவர். லக்னோ தெருவில் சுடப்பட்டு இறந்தார். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது, இளைஞர்கள் பலர் சிறைக்குப் போனார்கள், காந்தியும் ஆதரித்துப் பேசினார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு சிலை எடுக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரே படையெடுப்பில் போன இருவர். ஒருவர் சிலையைச் சென்னை போராடி இறக்கியது. மற்றவர் லண்டனின் நடுவில் இருக்கிறார். 2000-ஆம் ஆண்டில் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன், நேப்பியர், ஹேவ்லாக் என்ற இந்த இரண்டு தளபதிகளும் யார் என்றே தனக்குத் தெரியவில்லை, எடுத்துவிட்டு மக்களுக்குத் தெரிந்தவர்களை வைக்கலாம் என்றார். எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமா என்று கேட்டால், அவர்கள் என்ன செய்தார்கள் என்று பீடத்தின் பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்தாலே பாதி வேலை முடியும் என்பேன். இப்போது அந்த வழியாகப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

நான்காவது பீடத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சிலை இருக்கிறதே?

வடமேற்குப் பீடம் நான்காம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலைக்காகக் கட்டியது. பணம் போதாமல் வெறுமையாகவே விட்டுவிட்டார்கள், ஏறக்குறைய 150 ஆண்டுகள். 1999 முதல் சமகாலக் கலைஞர்களின் படைப்புகளை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். சதுக்கத்தின் மிக நல்ல மூலை இப்போது இதுதான்.

2009-ல் ஆண்டனி கோர்ம்லி சிலையே வைக்கவில்லை. 100 நாள், ஒரு மணிக்கு ஒருவர் என்று 2,400 சாதாரண மனிதர்களை ஏற்றி நிற்கவைத்தார். 2010-ல் யின்கா ஷோனிபரே ஒரு பெரிய கண்ணாடிப் புட்டிக்குள் விக்டரி கப்பலை வைத்தார். அதன் 37 பாய்களும், இந்தோனேசிய பாத்திக் பாணியில் டச்சுக்காரர்கள் தயாரித்து ஆப்பிரிக்காவில் விற்ற துணிகளின் வண்ணங்களில். நெல்சன் வென்ற கடல்வழிகளில் யார் யார் பொருளெல்லாம் போய் வந்தது என்பதை அந்தத் துணியே சொல்லிவிட்டது. இப்போது அது கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே இருக்கிறது. 2018-ல் மைக்கேல் ராக்கோவிட்ஸ், நினிவேயில் தீவிரவாதிகள் உடைத்த இறக்கை முளைத்த காளைச் சிற்பத்தை ஈராக்கியப் பேரீச்சம்பழப் பாகு டப்பாக்களால் மறுபடி செய்தார். 2022-ல் சாம்சன் கம்பாலு, மலாவியில் காலனி ஆட்சியை எதிர்த்து 1915-ல் கொல்லப்பட்ட போதகர் ஜான் சிலெம்ப்வேயைத் தலையில் தொப்பியோடு நிறுத்தினார். வெள்ளையர் முன் ஆப்பிரிக்கர் தொப்பி அணியக் கூடாது என்றிருந்த காலம் அது.

போராட்டங்கள் எல்லாம் ஏன் இங்கேயே நடக்கின்றன?

பாராளுமன்றம், பிரதமர் வீடு, அமைச்சகங்கள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். தூணின் பீடம் பேச்சாளருக்குத் தானாக அமைந்த மேடை. 1848-லேயே, தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் இங்கே கூடினார்கள், உடனே அரசியல் கூட்டங்களுக்குத் தடை வந்தது. அந்தத் தடை 1880-களில் உடைந்தது.

1887 நவம்பர் 13 மறக்க முடியாத நாள். வேலையில்லாத் திண்டாட்டத்தையும் அயர்லாந்தில் நடந்த அடக்குமுறையையும் எதிர்த்து வந்த ஊர்வலங்களை சதுக்கத்துக்குள் விடாமல் போலீஸ் தடியால் அடித்தது. பின்னால் ராணுவமும் வந்தது. 'இரத்த ஞாயிறு' என்று பெயராயிற்று. அன்று ஊர்வலத்தில் வந்தவர்களில் அன்னி பெசன்ட் ஒருவர். பிற்பாடு அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராகி, இந்திய சுயாட்சிக்காகச் சிறை வைக்கப்பட்ட அதே பெசன்ட் அம்மையார்தான்.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்கள் இங்கே பேசினார்கள். 1938 ஜூலையில் ஸ்பெயின் குடியரசை ஆதரித்த கூட்டத்தில் நேரு பேசினார். 1958 ஈஸ்டர் வாரத்தில் அணு ஆயுதத்துக்கு எதிரான முதல் நடைப்பயணம் இங்கிருந்து, அணு ஆயுத ஆய்வுக்கூடம் இருந்த ஆல்டர்மாஸ்டன் ஊருக்குக் கிளம்பியது. 1986 முதல் 1990 வரை, தென்னாப்பிரிக்கா மாளிகையின் வாசலில் மண்டேலாவின் விடுதலை கேட்டு இரவும் பகலும் நிறுத்தாமல் மறியல் நடந்தது. மழையிலும் பனியிலும் ஆள் மாற்றி ஆள் நின்றார்கள். மண்டேலா 2005 பிப்ரவரியில் இதே சதுக்கத்தில் நின்று உலக வறுமையை ஒழிப்பது பற்றிப் பேசினார். நடுவில் 1990 மார்ச் 31 அன்று தலைவரிக்கு எதிரான பெரும் ஊர்வலம் இங்கே கலவரமாக முடிந்தது. அந்த வரி அதன் பிறகு நிலைக்கவில்லை.

அரசாங்கம் ஒரு கடற்படை வெற்றிக்காகக் கட்டிய இடம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அதை அதிகம் பயன்படுத்தியவர்கள் அரசாங்கத்திடம் ஏதாவது கேட்க வந்தவர்கள்தான்.

புறாக்கள் எங்கே போயின?

ஒரு காலத்தில் பல ஆயிரம் இருந்தன, தீனி விற்கக் கடையே இருந்தது. எச்சம் கல்லையும் வெண்கலத்தையும் அரித்தது. 2001-ல் தீனிக் கடையை நிறுத்தினார்கள், 2003-ல் தீனி போடத் தடை வந்தது. விரட்டுவதற்குப் பழக்கிய வல்லூறுகளைக் கொண்டுவந்தார்கள். ஆக, அரசரின் வல்லூறுகள் இருந்த இடத்துக்கே வல்லூறு திரும்பியது. அதே 2003-ல்தான் ஓவியக் கூடத்துக்கு முன்னால் ஓடிய சாலையை மூடி, நடந்து போகும் தளமாக்கினார்கள். இந்த நூறாண்டில் சதுக்கத்துக்கு நடந்த மிகப் பெரிய நன்மை அது.

கிறிஸ்துமஸ் மரம் யார் தருவது?

நார்வேயின் ஆஸ்லோ நகரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஒவ்வொரு ஆண்டும்.

லண்டனுக்கு இத்தனை மைல் என்று அளப்பது நெல்சன் தூணிலிருந்தா?

இல்லை, சற்றுத் தெற்கே சாலை நடுவில் குதிரை மேல் இருக்கும் முதலாம் சார்லஸ் சிலை இருக்கும் இடத்திலிருந்து. 1290-ல் இறந்த எலினோர் ராணிக்கு முதலாம் எட்வர்ட் எழுப்பிய சிலுவைத் தூண் அங்கே இருந்தது. சேரிங் கிராஸ் என்ற பெயரில் வரும் சிலுவை அதுதான். 1647-ல் அதை இடித்தார்கள். சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய பின், அவர் சிலையை உருக்கச் சொல்லி ஜான் ரிவெட் என்ற கன்னாரிடம் விற்றது அரசு. அவர் உருக்காமல் மறைத்து வைத்துக்கொண்டு, அந்த உலோகத்தில் செய்தது என்று சொல்லிச் சின்னச் சின்னச் சாமான்களை விற்றாராம். முடியாட்சி திரும்பியதும் சிலை வெளியே வந்து, 1675-ல் இங்கே நிறுத்தப்பட்டது. சதுக்கத்தில் உள்ள எதையும்விட மூத்தது இது.

வடக்குப் படிக்கட்டின் அருகே சுவரோரம் பித்தளைக் கோடுகள் இருக்கின்றனவே, அவை என்ன?

1876-ல் பதித்த நீள அளவுகள். அங்குலம், அடி, கஜம், சங்கிலி என்று அரசு அங்கீகரித்த அளவுகள் பொதுமக்கள் வந்து சரிபார்த்துக்கொள்ள வசதியாகத் திறந்த வெளியில் வைக்கப்பட்டன. தன் முழக்கோல் சரியா என்று சந்தேகப்பட்ட தச்சரோ துணிக்கடைக்காரரோ கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 2003-ல் படிக்கட்டு கட்டியபோது இடம் மாற்றினார்கள். பெரும்பாலோர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

நெல்சன் சிலைகளை வேறு ஊர்களில் அகற்றியிருக்கிறார்களா?

டப்ளின் தூணை 1966 மார்ச்சில் ஐரிஷ் குடியரசுவாதிகள் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். பார்படோஸ் தலைநகரிலும் ஒரு டிராஃபல்கர் சதுக்கம் இருந்தது. 1999-ல் அதைத் தேசிய வீரர்கள் சதுக்கம் என்று மாற்றினார்கள். 2020 நவம்பரில் நெல்சன் சிலையை இறக்கினார்கள். அடிமை உழைப்பில் வாழ்ந்த தோட்ட முதலாளிகளின் பக்கம் அவர் நின்றார் என்பது காரணம். 1805-ல் ஜமைக்கா தோட்ட முதலாளி ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் அதற்குச் சாட்சி. லண்டன் தூணைப் பற்றியும் பேச்சு எழுகிறது. அகற்றும் திட்டம் எதுவும் இல்லை.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

சேரிங் கிராஸ் டியூப் நிலையத்தில் இறங்கினால் சதுக்கத்திலேயே ஏறுவீர்கள். நேராகத் தூணின் தெற்குப் பலகைக்குப் போய், அந்தக் கறுப்பின மாலுமியைப் பாருங்கள். வலமாக ஒரு சுற்று வந்து மற்ற மூன்றையும் முடியுங்கள். ஹேவ்லாக், நேப்பியர் பீடங்களில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நான்காவது பீடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படியேறினால் தேசிய ஓவியக் கூடம். அனுமதி இலவசம், மாலை 6 மணி வரை, வெள்ளிக்கிழமை 9 மணி வரை. உள்ளே டர்னரின் 'டெமரேர்' ஓவியம் எங்கே என்று கேளுங்கள், சொல்வார்கள். டிராஃபல்கரில் விக்டரிக்கு அடுத்தபடியாகப் போய்ச் சண்டையிட்ட கப்பல் அது. நெல்சனுக்குத் தூண் வைக்கப் பணம் திரட்டத் தொடங்கிய அதே 1838-ல், அந்தக் கப்பலை மரத்துக்காக உடைக்க விற்று, நீராவிப் படகு கட்டித் தேம்ஸ் நதியில் இழுத்துக்கொண்டு போனார்கள்.